பருப்பு வேகவில்லை என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். வேலைக்காகச் சென்னைக்கு வந்து மேடவாக்கத்தில் நண்பரோடு வீடு எடுத்திருக்கிறீர்கள். ஏழு மாதமாக ஓட்டல் சாப்பாடு, வயிறும் தாங்கவில்லை, கையிருப்பும் தாங்கவில்லை. அடுப்பு, குக்கர் எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆனால் வீடியோ பார்த்து சாம்பார் வைத்தால் எட்டு விசில் விட்டும் துவரம்பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது, சோறு அடிப்பிடிக்கிறது, வாங்கிய காயில் பாதி வாடிக் குப்பைக்குப் போகிறது. எங்கே ஆரம்பிப்பது, என்னென்ன வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

பருப்பிலிருந்தே ஆரம்பிப்போம். உங்கள் மேல் தப்பு இல்லை, பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். நீங்கள் இருக்கிற பக்கம் அபார்ட்மெண்டுகளில் வருவது போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோதான், உப்புத் தண்ணீர். அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். பருப்பின் செல்களை ஒட்டவைத்துப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருளை இவை இரண்டும் இறுக்கிவிடும், அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு குழையாது. உங்கள் குக்கரின் உள்பக்கத்தைப் பாருங்கள், வெள்ளையாகப் படலம் கட்டியிருந்தால் அதுதான் சாட்சி. குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரில் பருப்பை வேகவையுங்கள், அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் செலவாகும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர் குறைந்துபோனபோது நாங்கள் நடத்திய மெஸ்ஸிலும் இதே கதை. லாரித் தண்ணீரில் பருப்பைப் போட்டுவிட்டு பதினொரு மணி வரை அது வேகும் வேகும் என்று காத்திருந்தோம், 40 பேர் சாப்பாட்டுக்கு வந்து நின்றார்கள், அன்றைக்கு வெறும் ரசமும் அப்பளமும் போட்டு அனுப்பினோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

தண்ணீரை மாற்றியும் வேகவில்லை என்றால் பருப்பு பழையது. சூட்டிலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு உள்ளுக்குள் இறுகிப்போய்விடும், அதை ஊறவைத்தாலும் அரைகுறைதான், கடையை மாற்றுங்கள். ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடச் சொல்வார்கள். பருப்பு குழையும், ஆனால் சோப்பு போட்ட மாதிரி ஒரு சுவை வரும், பருப்பில் இருக்கிற பி1 சத்தும் கெடும். எனக்கு அது பிடிக்காது.

இன்னொன்று, விசிலை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள். குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 120 டிகிரி வரைக்கும் சூடாகிறது, வேகம் அங்கேதான் வருகிறது. விசில் என்பது மிச்ச ஆவி வெளியே போவது, அவ்வளவுதான். பெரிய தீயில் நாலு நிமிடத்திலேயே நாலு விசில் வந்துவிடும், பருப்பு அதற்குள் வெந்திருக்காது. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து 10 நிமிடம் விடுங்கள். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும், அந்த நேரத்திலும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் அரை ஸ்பூன் எண்ணெயும் சேர்த்தால் நுரைத்துப் பொங்காது. பருப்பு வைக்கும்போது குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது, நுரை ஆவி போகும் துவாரத்தை அடைத்துவிட்டால் ஆபத்து. மூடுவதற்கு முன் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்தத் துவாரத்தின் வழியாக ஒரு தடவை பாருங்கள். தினமும்.

நான் திருவல்லிக்கேணியில் மாமியாரோடு சேர்ந்து 16 வருடம் மெஸ் நடத்தியவள். சுற்றிலும் மேன்ஷன்கள், அதாவது வெளியூர்ப் பையன்கள் தங்குகிற விடுதிகள், உங்களை மாதிரிப் பையன்கள்தான் சாப்பிட வருவார்கள். சமைக்கக் கற்றுக்கொடுங்கள் ஆன்ட்டி என்று கேட்டு உள்ளே வந்து நின்ற பையன்களும் நிறைய. அவர்களிடம் மாமியார் அளவே சொல்ல மாட்டார். "எது முன்னாடி, எது பின்னாடி, அதை மட்டும் பாரு" என்பார். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். நம் சமையலில் பாதித் தோல்வி வரிசை மாறுவதால் வருவது, காய் வீணாவதும் காலையில் நேரம் போதாமல் போவதும் அதே காரணத்தால்தான். உங்களுக்கும் அந்த ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

சாம்பாரைப் பாருங்கள். புளிக்கு எதையும் இறுக்கிப் பிடிக்கிற குணம் உண்டு, புளித்தண்ணீரில் பருப்பைப் போட்டால் வேகவே வேகாது. அதனால் பருப்பு தனியாக வெந்து, மசிந்து, காத்திருக்க வேண்டும். இரண்டு பேருக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேலே பருப்பு, பெரிய நெல்லிக்காய் அளவு புளி, அதற்குமேல் வேண்டாம். புளித்தண்ணீரில் காய், உப்பு, ஒன்றரை ஸ்பூன் சாம்பார் பொடி போட்டு முதலில் கொதிக்கவிடுங்கள். காயிலும் வரிசை உண்டு. உருளை, சேனை மாதிரி கெட்டியான காயாக இருந்தால் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும். வெண்டைக்காய்க்கு நேர் எதிர், எண்ணெயில் வதக்கிப் புளித்தண்ணீரில் போட்டால் கொழகொழப்பு அடங்கும், காயும் உடையாது. முருங்கை, கத்திரி இரண்டும் எப்படிப் போட்டாலும் வந்துவிடும், ஆரம்பத்துக்கு அவைதான் நல்ல காய்.

இப்போது மூக்கை வேலை வாங்குங்கள். கொதிக்க ஆரம்பித்ததும் பொடியின் பச்சை வாசனை வரும், எட்டுப் பத்து நிமிடத்தில் அது மறைந்து சாம்பார் வாசனையாக மாறும். அந்த மாற்றம் தெரிந்த பிறகுதான் பருப்பு உள்ளே போக வேண்டும். முன்னாடியே கொட்டினால் குழம்பு கெட்டியாகி அடியில் பிடிக்கும், பொடியும் சரியாகக் கொதிக்காது, சாப்பிட்டால் தொண்டையில் கரகரக்கும். வீடியோவில் வாசனை வராது, அதனால்தான் பார்த்துச் செய்கிறவர்களுக்கு இந்த இடம் தவறிப்போகிறது. பருப்பு சேர்த்த பிறகு ஐந்து நிமிடம் கொதித்தால் போதும்.

தாளிப்பிலும் இதே கதை. எண்ணெய் காய வேண்டும், ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள், உடனே வெடித்தால் மற்றதைப் போடலாம். கடுகு முழுக்க வெடித்து அடங்கிய பிறகு உளுத்தம்பருப்பு, அது பொன்னிறமானதும் காய்ந்த மிளகாய், பெருங்காயம், கடைசியில் கறிவேப்பிலை. கறிவேப்பிலையில் தண்ணீர் இருந்தால் முகத்தில் தெறிக்கும், துடைத்துவிட்டுப் போடுங்கள். கடுகு வெடிக்காமல் நின்றுபோனால் வாயில் கடிபட்டுக் கசக்கும். உளுந்து முன்னாடி விழுந்தால் கடுகு வெடிப்பதற்குள் கருகிவிடும். காரணம் தெரிந்தால் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

ரசத்துக்குப் புளியும் தக்காளியும் நன்றாகக் கொதித்து அடங்கட்டும், பருப்புத் தண்ணீர் விட்ட பிறகு மட்டும் கொதிக்கக் கூடாது, மேலே நுரை கட்டி ஓரத்திலிருந்து எழும்பும்போது இறக்கிவிடுங்கள். தக்காளி நாட்டுத் தக்காளியாக இருந்தால் ரசம் தனி. கடையில் கெட்டியாகப் பளபளவென்று இருப்பது பெங்களூர்த் தக்காளி, அது நாலு நாள் தாங்கும், ஆனால் அந்தப் புளிப்பு வராது. பொரியலில் தேங்காய் கடைசி. கீரையில் உப்பு கடைசி, ஏனென்றால் ஒரு சட்டி நிறைய இருக்கிற கீரை வதங்கினால் ஒரு கரண்டியாகிவிடும், முதலிலேயே உப்பைப் போட்டவர்கள் எல்லாரும் கரிக்கிற கீரையைத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

முதல் மாதம் முழுக்க இவ்வளவு போதும் தம்பி. சோறு, சாம்பார் அல்லது ரசம், ஒரு பொரியல், தயிர், நடுநடுவே முட்டை. புதுசு புதுசாக ரெசிப்பி தேடாதீர்கள், ஒரே சாம்பாரைப் பத்துத் தடவை வையுங்கள். ஐந்தாவது தடவையில் உப்பு கைக்கு வந்துவிடும், எட்டாவது தடவையில் மூடியைத் திறக்காமலே வாசனையில் சொல்வீர்கள். மீன் இரண்டாவது மாதம் வைத்துக்கொள்ளலாம். வரிசை அங்கும் உண்டு, மிளகாய்த்தூளும் புளியும் கொதித்து எண்ணெய் மேலே பிரிந்த பிறகுதான் மீன் போட வேண்டும், போட்டால் ஏழெட்டு நிமிடம், கரண்டியால் கிளறாமல் சட்டியைச் சுற்றி ஆட்டிவிட்டு இறக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம், அப்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வரத்தும் குறைவு, விலையும் அதிகம், அந்த நேரத்தில் வஞ்சரம் வாங்கிப் பழக வேண்டாம்.

சோறு அடிப்பிடிப்பது நீங்கள் அரிசியைக் குக்கரிலேயே நேரடியாகக் கொட்டுவதால். குக்கரின் அடியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி (இதற்குப் போர் தண்ணீரே போதும்), அதற்குள் ஒரு பாத்திரத்தில் அரிசியை வையுங்கள், அடிப்பிடிக்கவே பிடிக்காது. பொன்னி புழுங்கலரிசிக்கு ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர், பச்சரிசிக்கு இரண்டரை, இருபது நிமிடம் ஊறட்டும். புது அரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், மூட்டை மாற்றினால் முதல் நாள் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். அடியில் சின்னப் பாத்திரத்தில் பருப்பு, அதன் மேல் சோற்றுப் பாத்திரம் என்று அடுக்கினால் ஒரே அடுப்பில் இரண்டும் முடிந்துவிடும்.

பாத்திரம் நிறைய வாங்காதீர்கள். 5 லிட்டர் குக்கர் ஒன்று, உள்ளே வைக்கிற பாத்திரம் இரண்டு, அடி கனமான ஒரு இரும்புச் சட்டி, குழம்புக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம், தாளிப்புக் கரண்டி, ஒரு நல்ல கத்தி, பலகை, இரண்டு ஜார் உள்ள மிக்சி. தி.நகரில் ரங்கநாதன் தெருப் பக்கம் போனால் எவர்சில்வரை எடை போட்டே தருவார்கள், கையில் தூக்கிப் பார்த்துக் கனமாக இருப்பதை எடுங்கள், மெல்லிசாக இருந்தால் தீ பட்ட இடத்தில் கருகும். இரும்புச் சட்டியில் பொரியல், முட்டை செய்யலாம், புளி சேர்ந்த எதையும் வைக்காதீர்கள், கறுத்து இரும்பு வாடை அடிக்கும். தோசைக்கல் வாங்கினால் முதலில் பழக்க வேண்டும். கஞ்சித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி அதன் மேல் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்குங்கள். முதல் நாலைந்து தோசை பிய்ந்துகொண்டுதான் வரும், கல்லைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிடாதீர்கள்.

மளிகையில் பலர் செய்யும் தவறு மொத்தமாக வாங்குவது. சென்னைக் காற்றில் எப்போதும் ஈரம், உப்பு கசிந்துவிடும், ரவை இருபது நாளில் வண்டு வைக்கும். இரண்டு பேருக்கு மாதம் துவரம்பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், புளி கால் கிலோ, உளுத்தம்பருப்பு கால் கிலோ, கடுகு, சீரகம் தலா 100 கிராம், மிளகும் வெந்தயமும் 50 கிராம் போதும், அரிசி 5 கிலோ பையாக எடுங்கள், தீரும்போது அடுத்த பை. ரவையை வாங்கின அன்றே வெறும் சட்டியில் சூடு ஏற வறுத்து, ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். சாம்பார் பொடியை இப்போதைக்குக் கடையிலேயே வாங்கலாம். ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தால் இன்னும் நல்லது, அது நீங்கள் சாப்பிட்டு வளர்ந்த வாசனை, சரியாக வந்ததா இல்லையா என்று உங்கள் மூக்குக்கே தெரியும்.

காய்க்கு வருவோம், உங்கள் பணம் அதிகம் போவது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறைய வாங்கிவிட்டு, எதைத் தோன்றுகிறதோ அதைச் செய்கிறீர்கள், சரியா? முதலில் கெடுவதை முதலில் செய்யுங்கள். வாங்கின அன்று அல்லது மறுநாள் கீரை, அதைத் தள்ளிப்போடவே கூடாது. அடுத்த இரண்டு நாளில் வெண்டை, புடலை, கத்திரி மாதிரி நாட்டுக்காய். வாரத்தின் நடுவில் பீன்ஸ், கேரட், கோஸ், எங்கள் பக்கம் இன்னும் இங்கிலீஷ் காய் என்றுதான் சொல்வோம். கடைசியில் உருளை, சேனை, பூசணி. இந்த வரிசையில் போனால் வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் வீணாகாது. ஒரு சீட்டில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள், நண்பருக்கும் தெரியும். கோயம்பேடு மொத்தச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை, இரண்டு பேர் தேவைக்கு அவ்வளவு தூரம் போய் வந்தால் மலிவாகக் கிடைத்தது போக்குவரத்தில் போய்விடும், தெருமுனைத் தள்ளுவண்டி போதும். கொத்தமல்லியைக் கழுவாமல் வேரை நறுக்கிவிட்டுத் துணியில் சுற்றி வையுங்கள், கறிவேப்பிலையை உருவி டப்பாவில் போடுங்கள். வெங்காயமும் உருளையும் ஒரே கூடையில் கிடந்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். தேங்காயை உடைத்த அன்றே மொத்தமும் துருவி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை.

மிஞ்சினதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். சோற்றை ராத்திரி அடுப்பங்கரையில் அப்படியே வைத்துவிட்டுக் காலையில் சூடு பண்ணிச் சாப்பிடாதீர்கள். பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு, அதன் விதைகள் கொதியிலும் சாகாது, சூடான ஊரில் வெளியில் கிடக்கும் சோற்றில் வளர்ந்து விஷத்தைச் சுரக்கும், அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், பெரிய பாத்திரத்தில் குவியலாக வைக்காமல் அகலமாகப் பரப்பி ஆறவைத்தால் சீக்கிரம் குளிரும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, சட்னி எல்லாம் அந்த வேளையோடு சரி. சாம்பாரில் எடுக்கிற கரண்டி ஈரமில்லாமல் இருக்கட்டும். பாலுக்கு உறை ஊற்றினால் சித்திரை, வைகாசியில் நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும், உடனே உள்ளே வைக்காவிட்டால் புளித்துப்போகும், ராத்திரி பத்து மணிக்கு ஊற்றித் தூங்கிவிட்டு ஏன் புளிக்கிறது என்று கேட்காதீர்கள்.

இட்லி மாவை இப்போதைக்குத் தெருவில் விற்கிறதை வாங்குங்கள், தப்பே இல்லை. பின்னாடி நீங்களே அரைக்கும்போது நாலுக்கு ஒன்று அரிசி உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், மே மாதம் ஆறு மணி நேரத்தில் பொங்கும், மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

கேஸ் விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. நம் சிலிண்டரில் வருவது காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வாசனை வந்தால் லைட், ஃபேன் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குக் கூப்பிடுங்கள். ஆரஞ்சு நிற ரப்பர் டியூபை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், வாடகை வீட்டில் முன்னாடி இருந்தவர் விட்டுப்போன டியூப் என்றால் தேதியைப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். தீ நீலமாக எரிய வேண்டும், மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றி ஊசியால் துவாரங்களைச் சுத்தம் செய்யுங்கள், பாத்திரத்தின் அடி கறுப்பதும் நின்றுவிடும்.

காலையில் எட்டரைக்குக் கிளம்ப வேண்டும், எப்படி முடியும் என்று கேட்டிருந்தீர்கள். எழுந்ததும் முதல் வேலை அரிசியையும் பருப்பையும் ஊறப்போடுவது, அதற்குப் பிறகு பல் விளக்குங்கள், குளியுங்கள். வந்ததும் குக்கரை ஒரு அடுப்பில் ஏற்றிவிட்டுப் புளியைக் கரைத்துக் காயை நறுக்கத் தொடங்குங்கள். குக்கர் சிம்முக்குப் போகிற நேரம் புளித்தண்ணீர் அடுத்த அடுப்பில் இருக்க வேண்டும், ஆவி அடங்கட்டும் என்று குக்கரை இறக்கிவைத்துவிட்டு, அது இருந்த அடுப்பில் பொரியல். நறுக்கி முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும், இப்படி வைத்தால் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் டிபன் பாக்ஸ் மூடிவிடலாம். நண்பர் சமைக்க மாட்டார் என்றால் பாத்திரம் கழுவுவது அவர் வேலை என்று இன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் மெஸ்ஸுக்கு வந்த எத்தனையோ பையன்கள் வீட்டில் சமைக்க ஆரம்பித்து நிறுத்தினது சமைக்கத் தெரியாமல் இல்லை, ராத்திரி பதினோரு மணிக்குச் சிங்க் நிறையப் பாத்திரம் கிடந்ததால்தான்.

நாளைக்கு வேறெதுவும் வேண்டாம். கேன் தண்ணீரில் கால் டம்ளர் பருப்பு, முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 10 நிமிடம். மசிந்ததா இல்லையா என்று சொல்லுங்கள், மசியவில்லை என்றால் அது எந்தக் கடைப் பருப்பு, வாங்கி எத்தனை நாள் ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி.